பீத்தோவன் கேட்டது ஒரு டாக்டர் ரிப்போர்ட்

ஜெர்மனியில் கொலோன் நகரத்துக்குப் போகிற வாய்ப்பு கிடைச்சா ஒரு நாளை மிச்சம் பிடிங்க. ரயிலில் சுமார் அரை மணி நேரம், பான் நகரம் வந்துடும்.

அங்கேதான் இசைமேதை பீத்தோவன் 1770 டிசம்பரில் பிறந்த வீடு இருக்கு. இடிக்கப்பட இருந்த அந்த வீட்டை 1889-ல் ஊர்க்காரர்கள் 12 பேர் சங்கம் அமைச்சுக் காப்பாத்தினாங்க. இன்னைக்கு அது அருங்காட்சியகம்.

அவர் பிறந்த சின்ன அறையை எல்லாரும் பார்ப்பாங்க. ஒரு டாக்டரா நான் உங்களை நிக்கச் சொல்றது அவருடைய காதுக் குழல்கள் முன்னாடி.

மேல்ட்செல் என்பவர் செஞ்சு கொடுத்தவை. அந்தக் காலத்து ஹியரிங் எய்டு. ஒலியைத் திரட்டிக் காதுக்குள் அனுப்பும், அவ்வளவுதான். நரம்பே பழுதானா பெரிய பலன் இருக்காது.

30 வயதில், 1801-ல், டாக்டர் நண்பர் வெகலருக்கு எழுதறார்: காதில் இரவு பகலா இரைச்சல். உயர்ந்த ஸ்வரங்கள் தூரத்தில் இருந்தா கேட்கலை. காது கேட்கலைன்னு சொல்ல முடியாம ஆட்களையே தவிர்க்கிறேன்.

அடுத்த வருஷம் தம்பிகளுக்கு ஒரு கடிதம் எழுதி, அனுப்பாமலே வெச்சிருந்தார். உயிரை விட நினைச்சதையும், இசைதான் தடுத்ததுன்னும் அதில் இருக்கு. கூடவே ஒரு கோரிக்கை: நான் இறந்ததும் டாக்டர் ஷ்மிட் உயிரோட இருந்தா, என் நோயை விவரிச்சு எழுதச் சொல்லுங்க.

ஷ்மிட் 1809-லேயே இறந்துட்டார். பீத்தோவன் இறந்தது 1827-ல்.

பிரேதப் பரிசோதனையில் செவி நரம்புகள் சுருங்கி இருந்தன. கல்லீரலும் கெட்டிருந்தது.

2023-ல் அவர் தலைமுடியின் மரபணுவை ஆராய்ந்தாங்க. ஹெபடைடிஸ் பி தொற்றும், கல்லீரல் நோய்க்கான மரபணு அபாயமும் தெரிஞ்சது. 2024-ல் முடியில் ஈயம் மிக அதிகம்னு கண்டாங்க. காது ஏன் போச்சு? அதுக்கு உறுதியான பதில் இன்னும் இல்லை.

அந்தக் கோரிக்கையில் அவர் கேட்டது வைத்தியம் இல்லை. "நான் திமிர் பிடிச்சவன் இல்லை, எனக்குக் காது கேட்கலை"ன்னு ஊருக்குப் புரியணும், அதுதான்.

எங்க ஓபி-க்கும் இப்படி வர்றாங்க. "அப்பா யார்கிட்டயும் பேசறதில்லை டாக்டர், எதுக்கெடுத்தாலும் கோபம்"னு கூட்டிட்டு வருவாங்க. பார்த்தா காதுதான் பிரச்சினை.

உங்க வீட்டில் யாராவது டிவி சத்தத்தைக் கூட்டிக்கிட்டே போறாங்களா? விசேஷங்களில் ஒதுங்கி உட்கார்றாங்களா? திட்டாதீங்க. காது டாக்டர்கிட்ட ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க.

அவருக்குக் குழல்கள்தான் கிடைச்சது. நமக்கு ஆடியோகிராம் இருக்கு, நல்ல கருவிகள் இருக்கு.