சாடி: தொண்டை நாட்டு அரிசிக்கள் கலம்

சாடி என்பது தானியத்தில் காய்ச்சிய கள்ளை விளைய வைப்பதற்குப் பயன்பட்ட, வாய் உறுதியான மட்கலம். காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை இதன் பயன்பாட்டைப் படிப்படியாகச் சொல்கிறது. இன்று வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் தேடி அலையும் சிறிய கெக், அதாவது அழுத்தம் தாங்கும் உலோகப் பீப்பாய், செய்கிற வேலையில் ஒரு பாதியைக் காஞ்சிக்குப் போகும் வழியிலிருந்த வலைஞர் குடியிருப்பில் இந்தச் சாடி செய்துவந்தது.

கள் விளைந்த முறை

இளந்திரையனிடம் பரிசில் பெறப் போகும் பாணனுக்கு வழியெங்கும் விருந்து கிடைக்கிறது. வலைஞர்கள் சுட்ட மீனோடு தரும் கள் அவர்கள் வீட்டிலேயே காய்ச்சியது. தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கிறார்கள். அதை அகன்ற வாயுடைய பிழா என்னும் தட்டுக் கலத்தில் கொட்டி ஆற்றுகிறார்கள். பிறகு முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் விட்டு, பச்சை வாடை நீங்கும்வரை சாடியில் விளைய வைக்கிறார்கள். கடைசியில் வெந்நீர் சேர்த்து அரித்து, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். கலந்தது நெல்முளை என்பது நச்சினார்க்கினியர் உரையால் விளங்குகிறது. அவர் உரையுடன், பெரும்பாணாற்றுப்படை அடங்கிய பத்துப்பாட்டை உ.வே. சாமிநாதையர் 1889-இல் பதிப்பித்தார்.

இந்த வரிசையில் ஒரு படியும் வீணில்லை. அரிசி மாவுச்சத்து 70 பாகை செல்சியஸை ஒட்டிய சூட்டில்தான் நன்றாகக் குழையும். ஆகவே முதலில் களியாக்க வேண்டும். அந்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளோ முளையில் இருக்கின்றன. கொதிக்கும் களியில் போட்டால் அவை செயலிழந்துவிடும். அகன்ற பிழாவில் ஆற்றிய பிறகே முளையைக் கலந்ததற்குக் காரணம் இதுதான். பார்லியை முளைக்கட்டி மால்ட் ஆக்கும் பீர்க் காய்ச்சலிலும் அடிப்படை இதுவே. எனவே வலைஞர் வீட்டுக் கள்ளை அரிசி பீர் என்று தயங்காமல் சொல்லலாம். பனங்கள் இந்த வகையல்ல. அங்கே சர்க்கரை பாளையிலிருந்தே வடிகிறது, முளை தேவையில்லை.

இரண்டு நாள் கணக்கும் ஊரின் வெப்பத்துக்குப் பொருந்துகிறது. 30 பாகையைத் தாண்டும் சூட்டில் ஈஸ்ட் விரைந்து வேலை செய்யும். மேலும் விட்டால் புளிப்பு ஏறி, பிறகு காடியாகும். மெருகிடாத மண்சுவர் வழியே கசியும் நீர் ஆவியாகிக் கலத்தைச் சற்றுக் குளிர்விக்கும். அதன் நுண்துளைகளில் தங்கும் ஈஸ்ட், தயிர்ச் சட்டியில் உறை ஒட்டியிருப்பது போல, அடுத்த காய்ச்சலைத் தொடங்கிவைக்கும்.

காஞ்சியும் கள்ளும்

பெரும்பாணாற்றுப்படையில் வரும் துறைமுகப் பட்டினத்தில் கள் அடுவோர் பெண்கள். அவர்கள் வட்டில் கழுவி ஊற்றிய நீர் தேங்கிய சேற்றில் பன்றிகள் புரள்கின்றன. கள் காய்ச்சும் வீட்டின் பின்புறத்தை இவ்வளவு நெருங்கிப் பார்த்த புலவர் அரியர். 7-ஆம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் காஞ்சி நகரிலேயே நடக்கிறது. கள்ளுக்கடையும் அதில் வருகிறது. தன் கபாலப் பாத்திரத்தைத் தொலைத்துவிட்டுத் தேடும் காபாலிகன் அதன் நாயகன். குடிகலம் ஒன்றைச் சுற்றியே ஒரு முழு நாடகம் எழுந்த ஊர் இது.

இன்று காஞ்சியில் அரிசியைப் புளிக்க வைத்துப் பெறும் புகழ்பெற்ற பொருள் வரதராசப் பெருமாள் கோயில் இட்டிலி. அதற்கும் தனிக் கலம் உண்டு: மந்தாரை இலை வேய்ந்த மூங்கில் குடலை.

சாடியும் கெக்கும்

சாடியால் முடியாதது ஒன்று: அழுத்தம் தாங்குவது. புளிக்கும்போது எழும் கரியமில வாயு வாய்வழியே போய்விடும். ஆகவே அரிசிக்கள்ளில் இன்றைய பீரின் சுறுசுறுப்பு இருந்திருக்காது. ஒரு லிட்டர் பீரில் இரண்டரை லிட்டர் வாயுவைக் கரைத்து வைக்க, 4 பாகைக் குளிரில் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 12 பவுண்டு அழுத்தம் போதும். காஞ்சியின் 30 பாகையில் அதே பீர் 30 பவுண்டுக்கு மேல் தள்ளும். குளிர்பெட்டி இல்லாமல் கெக் வைத்திருப்பதில் பயனில்லை.

வீட்டுக் காய்ச்சலுக்குப் பெயர்பெற்ற கலம் அமெரிக்காவின் கார்னீலியஸ் கெக்; 19 லிட்டர் கொள்ளும் துருப்பிடிக்காத எஃகு உருளை. இது குளிர்பானச் சாற்றுக்காகச் செய்யப்பட்டது. பான நிறுவனங்கள் பெட்டிக்குள் பை முறைக்கு மாறியபோது, கழித்துக் கட்டிய கெக்குகள் வீட்டுக் காய்ச்சல்காரர் கைக்கு வந்தன. மேலே இரண்டு இணைப்புகள்: ஒன்றில் வாயு நுழையும், மற்றொன்றிலிருந்து அடிவரை இறங்கும் குழாய் வழியே பீர் ஏறும். மூடியில் ரப்பர் வளையமும், அழுத்தம் மிகுந்தால் திறக்கும் வால்வும் உண்டு. இன்னும் சிறிதாக வேண்டுவோர்க்கு 5 லிட்டர் தகரக் கெக் இருக்கிறது. பால் கேன், பிளாஸ்டிக் டிரம், பழைய எரிவாயு சிலிண்டர் ஆகியவற்றை வெட்டி ஒட்டிக் கெக் ஆக்குவது உயிருக்கே ஆபத்து. அழுத்தச் சோதனையில் தேறிய கலம் தவிர வேறெதுவும் கூடாது.

தமிழ்நாட்டில் வீட்டில் கள்ளோ பீரோ காய்ச்சுவதற்குச் சட்டத்தடை உண்டு. 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று முதலில் சேலத்தில் நடைமுறைக்கு வந்தது. உரிமமின்றி மது காய்ச்சுவது அதன்படி குற்றம். கள்ளுக்கான தற்போதைய தடை 1987 ஜனவரி 1 முதல் நீடிக்கிறது. வலைஞர் வீட்டு முறையை உயிரோடு காண வேண்டுமானால் நாகாலாந்துக்குப் போகலாம். அங்கே அங்காமி நாகர்கள் முளைத்த நெல்லை இடித்து, ஆறிய அரிசிக் களியில் கலந்து, ஜூத்தோ என்னும் அரிசி பீரை இன்றும் காய்ச்சுகிறார்கள்.