வினா 289: விடுபட்ட படி எது?

ராமானுஜன் படிகளைத் தாவிச் செல்பவர், கும்பகோணத்தில் பள்ளிப் பருவத்தில் கைக்கு வந்த, கார் என்பவரின் கணிதத் தொகுப்பு நூலே அவருக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுத்தது என்றொரு கருத்து ஆய்வாளரிடையே வேரூன்றியிருக்கிறது. முடிவுகளை வரிசையாக அடுக்கி நிறுவல்களைச் சில சொற்களில் முடித்துக்கொள்ளும் நூல் அது என்பது உண்மையே. ஆனால் 1911-இல் இந்தியக் கணிதக் கழக இதழில் அவர் விடுத்த வினா 289-ஐயும் அதற்கு அவரே அளித்த தீர்வையும் இந்தக் கருத்துக்குச் சான்றாகக் கொள்வது பொருந்தாது என்பதே என் வாதம்.

வினாவின் முதற்பகுதி √(1+2√(1+3√(1+4√(1+…)))) என்பதன் மதிப்பைக் கேட்கிறது. வாசகர் எவரும் விடை அனுப்பாத நிலையில் ராமானுஜனே தீர்வைத் தந்தார். ம என்ற எண்ணுக்கு (ம+1)(ம+3)+1 = (ம+2)². ஆகவே ம(ம+2) = ம√(1+(ம+1)(ம+3)). வர்க்கமூலத்துக்குள் இருக்கும் பெருக்கம் இடப்பக்கத்தின் வடிவத்திலேயே, ம ஒன்று கூடி நிற்கிறது. எனவே அதையும் அவ்வாறே விரிக்கலாம். இப்படியே மேலும் மேலும். ம = 1 எனக் கொண்டால் விடை 3.

இதில் இயற்கணிதப் படி ஒன்றுகூட விடுபடவில்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவரும் வரி வரியாகச் சரிபார்த்துவிடலாம். விடுபட்டிருப்பது வேறு வகைப் படி: முடிவில்லாமல் விரித்துக்கொண்டே போனால் கிடைக்கும் கோவை உண்மையில் 3-ஐ எட்டுகிறது என்பதற்கான காரணம். அது வெறும் சம்பிரதாயம் அன்று. 4 = √(1+2×7.5) என்று தொடங்கி, 7.5 = √(1+3×(221/12)) என்று தொடர்ந்தால், அதே வடிவம் 4-க்கும் கிடைக்கிறது. 1927-இல் வெளிவந்த ராமானுஜன் கட்டுரைத் தொகுப்பின் பின்னிணைப்பு இத்தகைய கோவைகள் ஒருங்குவதற்குக் கணிதவியலாளர் விஜயராகவன் கண்ட நிபந்தனையைச் சேர்த்துக்கொண்டதிலிருந்தே இந்த இடைவெளி கவனிக்கப்பட்டது தெரிகிறது.

ஆனால் இடைவெளியை அடைக்க வேண்டிய பொருள் தீர்வுக்குள்ளேயே இருக்கிறது. 10-ஐ அடுத்து வரும் வர்க்கமூலத்தோடு விரிவை நிறுத்தி, அங்கே இருக்க வேண்டிய 12-க்குப் பதில் 1 என்று எழுதுவோம். உள்மதிப்பு பன்னிரண்டில் ஒரு பங்காகிவிட்டது. ஆனால் வெளியே வரும் ஒவ்வொரு வர்க்கமூலமும் அந்த விகிதத்தின் வர்க்கமூலத்துக்கும் கீழே மதிப்பை விடுவதில்லை. ஒன்பது மூலங்களைக் கடந்தபின் விகிதம் 1/12-இன் 512-ஆம் மூலத்துக்குக் குறையாது. அதாவது மதிப்பு 2.985-க்கு மேல், 3-க்குக் கீழ். இன்னும் ஆழத்தில் நிறுத்தினால் உள்ளே இருப்பது ஒன்றொன்றாகத்தான் பெருகுகிறது. மூலத்தின் வரிசையோ இரட்டித்துக்கொண்டே போகிறது. விகிதம் 1-ஐ நெருங்குவது தவிர வேறு வழியில்லை.

போலி விடையான 4-இல் நடப்பது இதற்கு நேர்மாறு. 4, 7.5, 221/12 என வரும் எண்களை 3, 4, 5 என்ற உரிய மதிப்புகளோடு ஒப்பிட்டால், ஒவ்வொரு படியிலும் விகிதம் முந்தைய விகிதத்தின் வர்க்கத்தையே மிஞ்சுகிறது. வர்க்கமூலங்களால் அதைக் கரைக்க முடியாது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது ம(ம+2) என்ற மெதுவாக வளரும் பொதுவடிவம். ராமானுஜன் 3-ஐ மட்டும் விரித்துக் காட்டாமல் எல்லா ம-வுக்கும் எழுதினார் என்பதில்தான் தீர்வின் உயிர் இருக்கிறது.

அவர் இந்த மதிப்பீட்டை மனத்தில் போட்டுப் பார்த்திருந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு ஆவணம் இல்லை. ஆயினும் அவருடைய இரண்டாம் குறிப்பேட்டின் பன்னிரண்டாம் இயல் இங்கே கவனிக்கத்தக்கது. அங்குள்ள பொதுவாய்ப்பாட்டில் ஒரு மாறியை 0 எனக் கொண்டால் வினாவின் முதற்பகுதியும், 1 எனக் கொண்டால் √(6+2√(7+3√(8+…))) = 4 என்ற இரண்டாம் பகுதியும் கிடைக்கின்றன. இரு பகுதிகளும் ஒரே முற்றொருமையின் இரு முகங்கள். அந்த முற்றொருமையைக் கையில் வைத்திருந்தவரின் விரிவை, விடையிலிருந்து பின்னோக்கிக் கட்டிய வித்தை என்று சொல்வது கடினம்.

குறிப்பேடுகளில் நிறுவல்களே இல்லையே எனலாம். அவை தமக்கென எழுதிக்கொண்டவை; இதழுக்கு எழுதியதை அவற்றால் அளக்க வேண்டியதில்லை. அவருடைய முதற்கட்டுரையின் தெளிவின்மை பற்றி இதழாசிரியர் நாராயண ஐயங்கார் குறைப்பட்டதும் இந்த வாதத்தைத் தொடவில்லை. இந்தத் தீர்வில் தெளிவுக்குக் குறைவில்லை.

எல்லையை நியாயப்படுத்தும் படியை விட்டுவிடுவது காரின் வாசகர்களுக்கு மட்டும் உரிய குறையும் அன்று. ஆங்கிலக் கணிதவியலாளர் ஹார்டி 1908-இல் தம் பாடநூலை எழுதியதே ஆங்கிலேய மாணவரிடம் அந்தக் கண்டிப்பை வளர்ப்பதற்காகத்தான். ஒரு காலகட்டத்தின் பொதுவான பயிற்சிக் குறையை ஒரே நூலின் தலையில் சுமத்துவது முறையாகாது.

கணக்கின் படிகளைச் சரிபார்க்கும்போது, செய்கை விடுபட்டதா, செய்கைக்கான அனுமதி விடுபட்டதா என்று பிரித்துப் பார்த்தாக வேண்டும். வினா 289-இல் விடுபட்டது இரண்டாவது மட்டுமே. அதை நிரப்பத் தேவையானதும் அந்தத் தீர்விலேயே இருக்கிறது. பன்னிரண்டாம் இயலின் பிற பதிவுகளையும் இதே பிரிவினையோடு படித்துப் பார்க்கும்வரை, கார் நூலின் தாக்கம் பற்றிய வழக்கமான முடிவை நிறுவப்பட்டதாகக் கொள்ள இயலாது.