பெருங்களத்தூர் வட்டாரத்தில் விளிமுறையும் மரியாதைச் சொற்களும்

எதிரில் இருப்பவரை எந்த உறவுச்சொல்லால், ஒருமையிலா பன்மையிலா அழைப்பது என்னும் பேச்சு வழக்கு விளிமுறை எனப்படும். தமிழ்நாட்டில் இது வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுவதால், பல மாவட்டத்தார் அடுத்தடுத்து வாழும் சென்னையின் தென்புறநகர்களில் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் பழகச் சிறிது காலம் பிடிக்கிறது. ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரத்துக்கும் வண்டலூருக்கும் இடையிலுள்ள பெருங்களத்தூர், 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்படும் வரை, தென்மாவட்டப் பேருந்துகளில் வந்தோர் விடியற்காலையில் இறங்கி மின்சார ரயில் பிடிக்கும் இடமாக இருந்தது. வேலையையும் வாடகையையும் கருதி இச்சுற்றுவட்டாரத்திலேயே குடியமர்ந்தோரும் பலர்.

ஒருவரைப் பன்மையில் சுட்டுவதை இலக்கண விதியாகக் கொள்ளாமல், வழக்கில் எழுந்த உயர்வுச் சொல்லாகவே தொல்காப்பியச் சொல்லதிகாரம் வகுத்துள்ளது. அவ்வழக்கு எங்கும் ஒரே அளவில் பரவவில்லை. கொங்குப் பகுதியில் 'ங்க' என்னும் மரியாதை ஒட்டு வினையோடு நில்லாமல் 'ஆமாங்க', 'இல்லீங்க', 'ஏனுங்க' எனப் பேச்சு முழுவதும் படர்கிறது. இளையோரையும் 'கண்ணு', 'அம்மணி' என வாஞ்சையோடு அழைப்பது அங்கு இயல்பு. பணிவுமொழி பற்றி பெனலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் எழுதி 1978இல் வெளிவந்து, 1987இல் தனி நூலான ஆய்வு, ஆங்கிலத்தோடும் மெக்சிகோவின் செல்டால் மொழியோடும் கோவை மாவட்டச் சிற்றூர் ஒன்றின் தமிழையும் முதன்மைச் சான்றாகக் கொண்டது.

கொங்கு வழக்குக்கு நேர்மாறாகச் சென்னைப் பேச்சில் 'வாப்பா', 'சொல்லும்மா' என ஒருமை வினையோடு 'ப்பா', 'ம்மா' சேர்ந்து நெருக்கம் காட்டுகின்றன. காய்கறிக் கடையில் முதன்முறையாக 'இன்னாம்மா வேணும், சொல்லு' என்று கேட்கப்படும் ஈரோட்டுப் பெண்ணுக்கு அது மட்டுமரியாதையற்ற பேச்சாகப் படலாம். கேட்டவரோ அவரைத் தம் வீட்டுப் பெண்ணாகவே பாவித்திருப்பார். நெல்லை வழக்கின் 'ஏலே', 'ஏளா' போன்றவை இன்னும் கூர்மையானவை. தாய் பிள்ளையையும் நண்பர் நண்பரையும் அழைக்கும் உரிமைச் சொற்களான இவை, அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டில் உரக்க ஒலித்தால் சண்டை என்றே அண்டை வீட்டார் எண்ணக்கூடும். மதுரை, இராமநாதபுரத்தாரின் 'அவுக வந்தாக' என்பது 'அவங்க வந்தாங்க' என்பதற்கு இணையான மரியாதைப் பன்மையே.

ஒரே சொல் வேறு பொருளில் புழங்கும் இடங்களில்தான் பழகுவது கடினம். வயதில் மூத்த ஆடவர் எவரையும் குறிக்கும் நெல்லைச் சொல்லான 'அண்ணாச்சி', தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதியினர் நடத்தும் மளிகைக்கடைகளின் வழியே சென்னையில் கடைக்காரர் என்னும் பொருளுக்குச் சுருங்கிவிட்டது. 'ஆச்சி' நெல்லையில் பாட்டி; செட்டிநாட்டில் நகரத்தார் பெண்களுக்குரிய மதிப்புச் சொல். வடதமிழகத்தில் பாட்டியைக் குறிக்கும் 'ஆயா', பிற இடத்தாருக்குப் பள்ளியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண். தென்மாவட்டப் பெண் அத்தை மகனையும் கணவனையும் அழைக்கும் 'மச்சான்', சென்னை இளைஞரிடம் 'மச்சி' எனத் தேய்ந்து நட்புச் சொல்லாகிவிட்டது. பிராமணர் பேச்சிலுள்ள 'வாங்கோ' யாழ்ப்பாணத்திலும் ஒலிக்கிறது. யாழ்ப்பாணத் தமிழில் 'நீ', 'நீங்கள்' ஆகியவற்றுக்கு நடுவே 'நீர்' என்னும் இடைநிலை விளியும் உண்டு.

இவ்வேறுபாடுகளுக்கு இடையே, குருதியுறவு இல்லாதவரையும் உறவுமுறைச் சொல்லால் அழைக்கும் பொதுவழக்கே பாலமாக அமைகிறது. ஷேர் ஆட்டோவில் 'அண்ணா, நிறுத்துங்க' என்பதும், பூக்காரரை 'அக்கா' என்பதும் எல்லா மாவட்டத்தாருக்கும் ஒத்துவரும். கட்டுமான வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளர்களும் தமிழில் முதலில் கற்றுக்கொள்பவற்றுள் 'அண்ணா', 'அக்கா' உண்டு. அலுவலகங்களில் 'சார்', 'மேடம்' இந்த இடத்தை நிரப்புகின்றன.

எனினும் எல்லா ஒருமையையும் வட்டார வழக்கு என்று கடந்துவிட முடியாது. வயதில் மூத்த தலித் மக்களை ஆதிக்கச் சாதிச் சிறுவரும் 'வா, போ' என விளித்த ஊர்ப்புற வழக்கம், சாதி அதிகாரத்தின் வெளிப்பாடே ஆகும். நகரத்தில் அது முற்றிலும் மறையவில்லை. தூய்மைப் பணியாளரும் வீட்டுவேலை செய்வோரும் முதலாளி வீட்டுப் பிள்ளைகளால் ஒருமையில் அழைக்கப்படுவதை இன்றும் கேட்கலாம். இருவரும் ஒருவரையொருவர் ஒருமையில் அழைத்தால் அது நெருக்கம். ஒருவர் 'நீ' என்னும்போது மற்றவர் 'நீங்க' என்றே மறுமொழி சொல்ல வேண்டியிருந்து, அதற்கு வயதும் காரணமாக இல்லையெனில், அது ஏற்றத்தாழ்வு.