சில்வர் ஓக் மரத்தை விற்கப் போறீங்களா? கொல்லிமலை விவசாயிகள் தெரிஞ்சுக்க வேண்டிய 'கன அடி' கணக்கு!

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏறினால், வாழவந்தி நாடு பக்கம் ஒரு காட்சியை அடிக்கடி பார்க்கலாம். நெட்டையாக, நேராக வளர்ந்த மரங்கள். அவற்றின் மேல் அடியிலிருந்து படர்ந்து ஏறும் மிளகுக் கொடிகள். நிழலில் காபிச் செடிகள். அந்த நெட்டை மரம்தான் சில்வர் ஓக்.

மலைவாழ் விவசாயிகளுக்கு இது வெறும் மரம் இல்லை. கல்யாணம், படிப்பு, மருத்துவச் செலவு என்று வந்தால் கைகொடுக்கும் சேமிப்பு. ஆனால் இதன் தன்மையும் அளவுக் கணக்கும் தெரியாமல் விற்றால் நஷ்டம் யாருக்கு? முழு விவரத்தைப் பார்க்கலாம்.

பெயரில்தான் ஓக்!

சில்வர் ஓக் உண்மையில் ஓக் மரமே கிடையாது. தாவரவியல் பெயர் கிரெவில்லியா ரோபஸ்டா. மக்கடேமியா கொட்டை தரும் மரமும் இதே குடும்பம்தான். சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரைப் பகுதி. 19-ஆம் நூற்றாண்டில் தேயிலை, காபித் தோட்டங்களுக்கு நிழல் தருவதற்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது.

இலையின் அடிப்பக்கம் வெள்ளி போல மின்னும். அதனால் 'சில்வர்'. அறுத்த பலகையில் ஓக் மரத்தில் தெரிவது போன்ற பளபளப்பான பூ வரிகள் தெரியும். அதனால் 'ஓக்'.

மிளகுக்கு இது ஏன்?

தண்டு நேராகப் போவதால் கொடி ஏற வசதி. கிளைகளைக் கழித்து நிழலைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். உதிரும் இலை மண்ணுக்கு மூடாக்கு ஆகிறது. சாதகமான இடத்தில் ஆரம்ப வருடங்களில் ஆண்டுக்கு 2 மீட்டர் வரைகூட வளரும்.

கவனிக்க வேண்டிய விஷயமும் உண்டு. ஒரே வகை மரத்தை மட்டும் வரிசையாக வைத்தால், பலா போன்ற பழகிய மரங்கள் குறையும். அந்த மரங்களை நம்பியிருக்கும் பறவைகளும் பூச்சிகளும் குறையும். நிழல் கூடிய நிலத்தில் சாமை, தினை போன்றவை சரியாக விளையாது.

மரம் எப்படிப்பட்டது?

வைரப்பகுதி இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு நிறம். நடுத்தர எடை. நன்கு காய்ந்த ஒரு கன அடி மரம் சுமார் 17 கிலோ இருக்கும். தேக்கு இதைவிடச் சற்றுக் கனம்.

அறுக்க, இழைக்க, ஆணி அடிக்க, பாலிஷ் போட எளிது. ஆனால் அவசரப்பட்டு வெயிலில் காயவைத்தால் பலகை வளையும், வெடிக்கும். நிழலில், பலகைகளுக்கு இடையே குறுக்குச் சட்டம் கொடுத்து அடுக்கி, காற்றோட்டமாக மெதுவாகக் காயவைப்பதே சரி. அறுத்த முனைகளில் பெயின்ட் பூசினால் வெடிப்பு குறையும்.

எதற்கு ஆகும், எதற்கு ஆகாது?

பிளைவுட், பலகை உறி, பேக்கிங் பெட்டி, அலமாரி, மேசை, வீட்டுக்குள் வரும் மரவேலை ஆகியவற்றுக்கு நல்லது. கழித்த கிளைகள் விறகாகும்.

மண்ணில் ஊன்றும் வேலிக்கால், மழையில் நனையும் வெளிக்கதவு, நிலைச்சட்டம் போன்றவற்றுக்கு ஆகாது. கரையான் அரிக்கும், ஈரத்தில் சீக்கிரம் மக்கிப்போகும். 'தேக்கு மாதிரிதான்' என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை: இந்த மரத்தின் இலையும் தூளும் சிலருக்குத் தோலில் அரிப்பு, கொப்புளத்தை உண்டாக்கும். முந்திரிக் கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டால் தோல் புண்ணாகுமே, அதே வகையைச் சேர்ந்த வேதிப்பொருள் இதிலும் இருக்கிறது. கிளை கழிக்கும்போது முழுக்கை சட்டையும், அறுக்கும்போது முகக்கவசமும் அவசியம்.

கன அடி கணக்கு: இங்கேதான் பணம்!

உருட்டு மரத்தை அளக்கப் பரவலாகப் பயன்படுவது 'கால் சுற்றளவு' முறை. தடியின் நடுவில் சுற்றளவை அளக்க வேண்டும். அதை 4-ஆல் வகுக்க வேண்டும். வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்கினால் கன அடி கிடைக்கும்.

உதாரணம்: சுற்றளவு 4 அடி, நீளம் 20 அடி. 4-ஐ 4-ஆல் வகுத்தால் 1. ஒன்றை ஒன்றால் பெருக்கி, 20-ஆல் பெருக்கினால் 20 கன அடி.

ஆனால் வட்டக் கணக்குப்படி அந்தத் தடியில் உண்மையில் இருப்பது சுமார் 25.5 கன அடி! அதாவது இந்த முறையில் 100-க்கு 78.5 பங்குதான் கணக்கில் வரும். அறுக்கும்போது போகும் கழிவுக்கு ஈடாக இது வழக்கத்தில் இருக்கிறது. தனியாக 'கழிவு' என்று மறுபடியும் கழித்தால், ஏற்கெனவே ஒரு கழிவு போய்விட்டது என்று நீங்கள் கேட்கலாம்.

டேப் பிடிப்பதையும் கவனியுங்கள். 48 அங்குலச் சுற்றளவை 46 என்று எழுதினால், 20 கன அடி 18.4 ஆகிவிடும். ஒரு மரத்துக்கே இவ்வளவு என்றால் 50 மரத்துக்கு?

எடை போட்டு விற்பதாக இருந்தால், வெட்டியவுடன் எடை போடுவது நல்லது. நாளாக ஆக ஈரம் வற்றி எடை குறையும்.

வெட்டும் முன் 3 கேள்விகள்

1. அனுமதி இருக்கா? தமிழ்நாட்டில் மலைப்பகுதி மரங்களைப் பாதுகாக்க 1955-லேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தின் கீழ் வரும் இடங்களில் பட்டா நிலத்து மரமாக இருந்தாலும் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. வெட்டவும், லாரியில் கொண்டுபோகவும் என்ன ஆவணம் வேண்டும் என்று வனச்சரக அலுவலகத்தில் முதலில் கேளுங்கள்.

2. கொடி என்ன ஆகும்? மரம் சாய்ந்தால் அதில் ஏறிய மிளகும் போச்சு. மரத்தின் விலையோடு, அந்தக் கொடி இனி வருடா வருடம் தரக்கூடிய மிளகின் மதிப்பையும் சேர்த்துப் பாருங்கள். காய்ப்பு ஓய்ந்த கொடியுள்ள மரங்களை முதலில் தேர்ந்தெடுக்கலாம்.

3. அடுத்த கன்று எங்கே? ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் வெட்டினால் காபி வெயிலில் காயும், சரிவில் மண் அரிக்கும். விட்டுவிட்டு வெட்டி, அந்த இடத்தில் கன்று வைப்பதே பாதுகாப்பு. அதில் சில பலாக் கன்றுகளும் இருந்தால் இன்னும் நல்லது.

20 வருடம் காத்திருந்து வளர்த்த மரத்துக்கு விலை பேச 10 நிமிடம்தான் ஆகும். அந்த 10 நிமிடத்துக்கு முன்னால், ஒரு டேப்பும் ஒரு பேப்பரும் உங்கள் கையில் இருக்கட்டும்.