யானையின் மொழியும் உழவனின் செவியும்

பாகர் வடமொழிச் சொற்களால் யானையைப் பயிற்றியமையை முல்லைப்பாட்டு காட்டுகின்றது. ஆயின் அது ஏவலேயன்றி உரையாடலன்று.

மாத்தளை மாவட்டத்து வில்கமுவப் பிரதேசத்தை அடுத்த வஸ்கமுவ, மகாவலித் திட்டத்தையொட்டி 1984இல் தேசியப் பூங்காவாயிற்று. வயலும் யானைத்தடமும் அங்கே எதிர்ப்பட்டன. அதே ஆண்டில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் விலங்குக்காட்சிசாலையில் கேத்தரின் பெய்ன் ஆசிய யானைகளை ஆராய்ந்தார். மனிதச் செவிக்கெட்டாத, 20 ஹெர்ட்ஸுக்கும் தாழ்ந்த ஒலிகளால் அவை தம்முள் பேசுதல் புலனாயிற்று.

பரண்காவலன் அவ்வொலியைக் கேளான்; கிளைமுறிவாலும் வாடையாலும் வரவை உய்த்துணர்வான். இஃது அருள்வாக்கன்று, தலைமுறைப் பயிற்சி. யானை விரும்பாத தோடைமரங்களை அவன் நடுவதும் அவ்விலங்கிற்கு விளங்கும் மறுமொழியே.

இலங்கையில் 2019 முதல் 2024 வரை ஆண்டுதோறும் 300க்கு மேற்பட்ட யானைகளும் 100க்கு மேற்பட்ட மனிதரும் இம்மோதலில் மாண்டனர். எனவே யானையின் குறிப்பறிதல் விநோதமன்று, உயிர்காக்கும் கல்வியாம்.