ஒருவரை மட்டும் நம்பும் அமைப்பு: களப்பணியாளர் பயிற்சியின் தேவை

இராமநாதபுரம் மாவட்டத்தின் ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்’ என்று மக்கள் சொல்வது வழக்கம். அத்தனை பெரிய நீர்ப்பரப்பை ஒரே மடையால் பங்கிட இயலாது. ஆனால் நம் கிராமங்களில் இயங்கும் தலித் அமைப்புகள் பல, ஒரே மனிதரை நம்பி நிற்கின்றன. வழக்கு எண், வங்கிக் கணக்கு, வழக்கறிஞரின் தொடர்பு, மனுக்களின் நகல் ஆகிய அனைத்தும் அவர் ஒருவர் வசமே இருக்கின்றன. அவர் பிழைப்புத் தேடி வெளியூர் சென்றாலோ, நோயுற்றாலோ அமைப்பின் பணி நின்றுவிடுகிறது. 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் தியாகி இமானுவேல் சேகரனைப் பறிகொடுத்த மாவட்டத்தில், ஒருவரையே சார்ந்திருப்பதன் இடரை நாம் விளக்க வேண்டியதில்லை.

அம்பேத்கர் தொடங்கிய பள்ளி

இச்சிக்கலை அண்ணல் அம்பேத்கர் உணர்ந்திருந்தார். பொதுவாழ்வுக்கு வருவோரைப் பயிற்றுவிக்க 1956 ஜூலையில் பம்பாயில் அரசியல் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். முதல் அணியில் 15 மாணவர்கள் சேர்ந்தனர். அவ்வாண்டு டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தார். சில மாதங்களில் பள்ளியும் மூடப்பட்டது. முதல் அணியே கடைசி அணியாயிற்று. அடுத்த தலைமுறையை உருவாக்கும் முயற்சியே தொடக்கியவரின் மறைவோடு முடிந்தது என்பது நமக்கான பாடம்.

சட்டம் தரும் இடம்

1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டபோது 15ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. பாதிக்கப்பட்டோர் தொண்டு நிறுவனங்கள், சமூகப் பணியாளர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் உதவியைப் பெறுவது அவர்களின் உரிமை என அது கூறுகிறது. எனவே களப்பணியாளர் காவல் நிலையத்தில் தயங்கி நிற்க வேண்டியவர் அல்லர்.

ஆனால் இவ்வுரிமை காலக்கெடுவோடு பிணைந்தது. விதிகளின்படி உடனடி நிவாரணம் 7 நாட்களுக்குள் வழங்கப்பட வேண்டும். துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி புலனாய்வு செய்து, 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட வேண்டும். ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். நாள் குறித்து வைக்காத அமைப்பால் தாமதத்தைச் சுட்டிக்காட்ட இயலாது.

பயிற்சியில் இடம்பெற வேண்டியவை

முதலாவது, வழக்குப் பதிவேடு. சம்பவ நாள், புகார் அளித்த நாள், மனு ரசீது, முதல் தகவல் அறிக்கை எண், நிவாரணம் கிடைத்த நாள், அடுத்த விசாரணை நாள் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதப் பழக வேண்டும். உண்மையான முதல் தகவல் அறிக்கை ஒன்றைப் பெயர்களை மறைத்துக் கையில் கொடுத்து, அதில் எந்தப் பிரிவுகள் விடுபட்டுள்ளன என்று கேட்பது நல்ல பயிற்சி.

இரண்டாவது, தீர்மானப் புத்தகமும் ரொக்கப் பதிவேடும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி பதிவு செய்ய 7 பேர் போதும். ஆனால் ஆண்டுப் பொதுக்குழு, கணக்கு, நிர்வாகிகள் மாற்றம் ஆகியவற்றைப் பதிவாளரிடம் தாக்கல் செய்யாவிட்டால் அமைப்பின் சட்டநிலையே கேள்விக்குள்ளாகும். கணக்கில் உள்ள குறை, நம் எதிரிகளின் கையில் நாமே கொடுக்கும் ஆயுதம்.

மூன்றாவது, கிராம சபை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 கிராம சபைக் கூட்டங்கள் நடத்தப்பட வேண்டும். மயானப் பாதை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றுக்கான தீர்மானத்தை முன்கூட்டியே எழுதி, பதிவேட்டில் ஏற்றச் செய்து, நகல் கேட்பது வரை ஒத்திகை பார்க்க வேண்டும்.

பணமும் பொறுப்பும்

2020இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், ஒரு நிறுவனம் தான் பெற்ற நன்கொடையை மற்றொன்றுக்கு மாற்றித் தருவதைத் தடை செய்தது. நிர்வாகச் செலவுக்கான வரம்பையும் 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தது. பெரிய நிறுவனங்கள் வழியே நிதி பெற்றுவந்த சிறிய அமைப்புகளுக்கு அவ்வழி அடைபட்டது. உறுப்பினர் சந்தாவும் ரசீதுப் புத்தகமும் இனி பழைய பழக்கங்கள் அல்ல, தன்மானத்தின் அடிப்படை.

பயிற்சிக்கு ஒவ்வோர் ஊரிலிருந்தும் தலைவரை மட்டும் அழைப்பது பழைய தவற்றையே நீட்டிக்கும். ஊருக்கு மூவரேனும் வர வேண்டும். அவர்களுள் பெண்கள் இருக்க வேண்டும். விவசாயக் கூலிகளின் ஒருநாள் ஊதிய இழப்பையும் ஈடுசெய்ய வேண்டும். கல்லூரி மாணவர்கள் பதிவேடுகளை ஒழுங்குபடுத்த உதவலாம்; ஆனால் எழுதும் பொறுப்பு ஊராரிடமே இருக்க வேண்டும்.

கண்மாய்ப் பாசனத்தில் மடை திறந்து நீர் பாய்ச்சும் உழைப்பு தமிழகத்தின் பல ஊர்களில் நம்மவருடையதாக இருந்தது. பங்கீட்டை முடிவுசெய்யும் அதிகாரம் பிறரிடம் இருந்தது. நம் அமைப்புகளுக்குள்ளும் அதே ஏற்பாடு தொடரக் கூடாது. அடுத்த கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தை இதுவரை எழுதாத ஒருவர் எழுதட்டும்.