இரு திட்டங்களின் பாதிகள்: கிளாஸ்கோவின் சாலையும் மக்களும்

ஸ்காட்லாந்தின் மிகப்பெரிய நகரமான கிளாஸ்கோவின் சரிவைக் கப்பல்கட்டும் தளங்கள் மூடப்பட்ட கதையாகச் சொல்வதே வழக்கம். வேலை போனது, மக்கள் போனார்கள், பிறகு சாலைகளும் மாநாட்டு அரங்குகளும் வந்து நகரம் மறுபடி எழுந்தது என்று அந்தக் கதை நீளும். அதன் கால வரிசையே பிழை. 1930களின் இறுதியில் பதினொரு லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆறு லட்சத்துக்கும் கீழே இறங்கியது. 2022 கணக்கெடுப்பில் சுமார் 6.2 லட்சம். இடையில் நடந்த எல்லை மாற்றங்களைக் கழித்தாலும் இழப்பு பெரிது. ஆலை மூடினால் வேலை போகும். அதற்காக ஊரில் ஏறக்குறையப் பாதிப்பேர் தாமாகக் கிளம்பிவிடுவதில்லை. தளங்களில் வேலை நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, திட்டமிட்டு, அவர்களில் பெரும்பகுதியினர் வெளியே குடியமர்த்தப்பட்டார்கள். அதே காலத்தில் போடப்பட்ட சாலைகளோ வேறொரு கிளாஸ்கோவை மனத்தில் வைத்து வரையப்பட்டவை. இந்த முரணை விளக்காமல் நகரத்தின் இன்றைய போக்குவரத்தை விளக்க இயலாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1945இல் நகராட்சிப் பொறியாளர் ராபர்ட் புரூஸ் தம் அறிக்கையை முன்வைத்தார். நெரிசலான அடுக்கு வாடகை வீடுகளை இடித்துவிட்டு, அதே மக்களை நகர எல்லைக்குள்ளேயே உயர்ந்த கட்டடங்களில் குடியமர்த்துவது அவர் நோக்கம். மையப் பகுதியை உள்வட்டச் சாலை ஒன்று சூழும். நான்கு ரயில் முனையங்களுக்குப் பதில் வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என இரண்டு போதும். இடிக்கவேண்டியவற்றில் நகராட்சி மாளிகையும் சென்ட்ரல் ரயில் நிலையமும் அடங்கும். தன் முதலாளியின் அலுவலகத்தையே இடிக்கச் சொன்ன அந்தத் துணிச்சலை வியக்கலாம். மறு ஆண்டே பேட்ரிக் அபர்கிராம்பி தலைமையில் வகுக்கப்பட்ட கிளைட் பள்ளத்தாக்குத் திட்டம் நேர் எதிரானதைச் சொன்னது. நகரம் இத்தனை பேரைத் தாங்காது. லட்சக்கணக்கானோரைப் புதிய நகரங்களுக்கு அனுப்ப வேண்டும். சுற்றிலும் பசுமை வளையம் காக்கப்பட வேண்டும்.

இரண்டும் சேர்ந்து நிறைவேறக்கூடியவை அல்ல. ஆனால் நிறைவேறியது இரண்டின் பாதிப் பாதி. அபர்கிராம்பியின் வழியில் கிழக்கு கில்பிரைடு 1947இலும் கம்பர்னால்டு 1955இலும் புதிய நகரங்களாக அறிவிக்கப்பட்டன. 1957இல் நகருக்குள் 29 பகுதிகள் முழு மறுவளர்ச்சிக்கென ஒதுக்கப்பட்டு இடிப்பு தொடங்கியது. புரூஸின் வழியில் உள்வட்டச் சாலை 1965ஆம் ஆண்டு நெடுஞ்சாலைத் திட்டத்தில் புது வடிவம் பெற்றது. கிளைட் ஆற்றின் மேல் கிங்ஸ்டன் பாலம் 1970இல் திறக்கப்பட்டது. எம்-8 விரைவுச்சாலையாக வட்டத்தின் மேற்கு, வடக்குப் பக்கங்கள் 1972க்குள் முடிந்தன. ஆண்டர்ஸ்டன், சேரிங் கிராஸ், கௌகேடன்ஸ், டவுன்ஹெட் ஆகிய பகுதிகள் அந்தச் சாலையின் பள்ளத்துக்கும் தூண்களுக்கும் இடம் கொடுத்து மறைந்தன. கிழக்கும் தெற்கும் பிறகு கைவிடப்பட்டன. இணைப்புக்காக விடப்பட்ட மொட்டைச் சாலைத் துண்டுகள் நெடுங்காலம் அந்தரத்தில் நின்றன.

சாலை வீணானதா என்றால் இல்லை. அது யாருக்குப் பயன்பட்டது என்பதே கேள்வி. புதிய நகரங்களுக்குப் போனவர்கள் காரில் மையத்துக்கு வந்து திரும்பினார்கள்; எடின்பரோவுக்கும் கிரீனக்குக்கும் போகிறவர்கள் ஊருக்குள் கால் வைக்காமல் கடந்தார்கள். நகருக்குள்ளேயே தங்கியவர்களில் ஏறத்தாழப் பாதிக் குடும்பங்களுக்கு 2011 கணக்கெடுப்பில்கூடக் கார் இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது இரைச்சலும், முன்பு தெருவாக இருந்த இடத்தில் சுற்று நடையும்தான்.

நகரின் ஸ்பிரிங்பர்ன் பகுதி இதற்குத் தெளிவான சான்று. 1903இல் உருவான நார்த் பிரிட்டிஷ் லோகோமோட்டிவ் நிறுவனம் அங்கே கட்டிய நீராவி எஞ்சின்கள் இந்தியா உட்படப் பல நாடுகளில் ஓடின. அவை நகரத் தெருக்கள் வழியாகவே இழுத்துச் செல்லப்பட்டு, ஃபின்னீஸ்டனில் 175 டன் தூக்கும் ராட்சதப் பாரந்தூக்கியால் கப்பலேறின. நிறுவனம் 1962இல் மூடப்பட்டது; ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளோடு ஒரு காலத்தில் ஊரை ஆண்ட டிராமும் அதே ஆண்டு செப்டம்பரில் நின்றது. வேலையும் வேலைக்குப் போகும் வண்டியும் ஒன்றாகப் போன அந்தப் பகுதியின் கடைத்தெருவை, பின்னர் ஒரு விரைவுச்சாலை பிளந்துகொண்டு போயிற்று. எஞ்சின்களை உலகுக்கு அனுப்பிய ஊரார் பேருந்துக்குக் காத்திருந்தார்கள்.

மறுப்புகள் இரண்டு உண்டு. கார்பல்ஸ் போன்ற பகுதிகளின் நெரிசலும் சுகாதாரக் கேடும் கற்பனை அல்ல. இடிப்புக்கு நியாயம் இருந்தது. ஏற்கிறேன். ஆனால் வீடு இடிப்பதற்கான நியாயம் அந்த இடத்தில் விரைவுச்சாலை போடுவதற்கான நியாயம் ஆகாது. இரண்டையும் ஒரே கோப்பில் வைத்ததுதான் அன்றைய நிர்வாகத்தின் சாமர்த்தியம். இரண்டாவது மறுப்பு வலுவானது: லண்டனுக்கு வெளியே பிரிட்டனின் மிகப்பெரிய புறநகர் ரயில் வலைகளில் ஒன்று கிளாஸ்கோவில்தான் உள்ளது. 1964இல் மூடிய தாழ்தளப் பாதை 1979இல் ஆர்கைல் பாதையாக மீண்டது. 1896இல் திறந்து, 1935 வரை கம்பிவடத்தால் இழுக்கப்பட்ட சுரங்க ரயிலை மூன்றாண்டு மூடிப் புதுப்பித்து 1980இல் மறுபடி ஓடவிட்டார்கள். உண்மைதான். ஆயினும் அந்தச் சுரங்க ரயில் இன்றும் அதே 15 நிலையங்கள் கொண்ட, சுமார் 10.5 கிலோமீட்டர் வட்டம். நகரின் கிழக்குப் பகுதியை அது தொடவே இல்லை.

ரயில் முனையங்களின் கதை இன்னும் வேடிக்கை. 1966இல் பியூக்கானன் தெரு நிலையமும் செயின்ட் ஈனாக் நிலையமும் மூடப்பட்டன. வடக்குக்குக் குயின் தெரு, தெற்குக்கு சென்ட்ரல் என்று, புரூஸ் கேட்ட இரண்டே எஞ்சின, அவர் நினைத்த இடங்களில் இல்லாவிட்டாலும். ஏர்ஷயரிலிருந்து ஸ்டர்லிங்குக்குப் போகிறவர் இன்றும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பத்து நிமிடம் நடக்கிறார். ஆற்றைக் கடந்து இரு பக்கத்தையும் சேர்க்கும் பழைய தண்டவாளம் இருக்கிறது. வழக்கமான பயணி ரயில்தான் அதில் இல்லை. செயின்ட் ஈனாக் நிலைய இடிபாடுகள் குயின்ஸ் கப்பல் துறையை நிரப்பப் போயின. நிரப்பிய நிலத்தில் 1985இல் கண்காட்சி மையம் எழுந்தது, 2021இல் ஐ.நா. பருவநிலை மாநாடு கூடியதும் அங்கேதான்.

பழைய தவறுகளின் எச்சம் என்று இதையெல்லாம் ஒதுக்கிவிடவும் முடியவில்லை. பொது விசாரணை நடத்திய அதிகாரி வேண்டாம் என்று பரிந்துரைத்த எம்-74 விரைவுச்சாலை நீட்டிப்பை அமைச்சர்கள் 2005இல் ஏற்றனர். தெற்குப் பக்கம் அது 2011இல் திறக்கப்பட்டது. 1970களில் கைவிடப்பட்டதன் பணியை ஏறக்குறைய அதுவே செய்கிறது. இடையே 2009இல் விமான நிலைய ரயில் இணைப்பு ரத்தானது. பணம் இல்லை என்ற காரணம் இரண்டில் ஒன்றுக்கே பொருந்தியதை எப்படிப் புரிந்துகொள்வது? விமான நிலையப் பேருந்து இன்றும் எம்-8இன் நெரிசலில் மற்ற வண்டிகளோடு நிற்கிறது.

கார் இல்லாத பாதிக்கு உண்மையில் ஊர்தி என்பது பேருந்து. அதன் வழித்தடத்தையும் கட்டணத்தையும் 1986 முதல் பேருந்து இயக்கும் நிறுவனங்களே தீர்மானித்து வந்துள்ளன. ரயிலும் சுரங்க ரயிலும் பொதுக் கையில், பேருந்து மட்டும் சந்தைக் கையில். 2019ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து போக்குவரத்துச் சட்டம் தந்த அதிகாரத்தைக் கொண்டு வழித்தட உரிமங்களைத் தானே வழங்கும் முறையை நோக்கி வட்டாரப் போக்குவரத்து அமைப்பு 2024இல் அடி எடுத்து வைத்தது. நடைமுறைக்கு வரச் சில ஆண்டுகள் பிடிக்கும். அதே நேரம் எம்-8இன் உட்சைடு மேம்பாலங்கள் தூண் வலுவிழந்து, 2021 முதல் தடங்கள் குறைக்கப்பட்டு, முட்டுக்கொடுத்து நிற்கின்றன. செலவு பாராமல் பழுதுபார்ப்பு நடக்கிறது. தடங்கள் குறைந்த அத்தனை ஆண்டுகளும் ஊர் நின்றுவிடவில்லை என்பதைச் சாலைத் துறை தன் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதப்போகிறது என்பதை ஆய்வாளர்கள் கேட்க வேண்டும்.